டமாரத்தின் கண்ணடிப்பு

மகள் நடந்தாள், பாடினாள், பரிசு வாங்கினாள் என்று பெருமையடிக்கும் அப்பாக்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். மகள் கண்ணடிக்கிறாள் என்று மார்தட்டிக்கொண்டு திரிகிற ஒரே அப்பா நம் பிளம்பர்தான்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. பிளம்பரின் மகளுக்கு நாலு வயது. அவளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. அதைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் அவள் பெயர் டமாரம். தட்டு, கதவு, பக்கெட், அப்பாவின் பைப், எது கைக்கு அகப்பட்டாலும் தட்டுவாள். சத்தம் அவளுக்குக் கேட்காது. அதிர்வு உள்ளங்கையில் ஏறுமே, அந்தச் சுகத்துக்குத் தட்டுவாள். தலைவலி கேட்கிறவர்களுக்குத்தான்.

பிறக்கும்போதே அவளுக்கு உள்காது சரியாக உருவாகவில்லை. இடது பக்கம் கேட்கும் நரம்பே இல்லை. வலது பக்கம் நரம்பு உண்டு. ஆனால் நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்க வேண்டிய இடத்தில் சுருளே இல்லாமல் குட்டிக் குடம் போல ஒன்று இருந்தது. "உள்ள மெல்லிசா ஒரு கம்பி செருகி இம்பிளான்ட் வைக்கலாம். மத்த பிள்ளைங்களுக்கு வர்ற மாதிரி வரும்னு வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்றார் டாக்டர். வாக்குக் கொடுக்காத அந்த மனிதரை நம்பித்தான் ஆபரேஷன் நடந்தது. காதுக்குப் பின்னால் மெஷினும் ஏறியது.

அதை முதன்முதலில் ஓட விட்ட நாளில் டமாரம் எதற்கும் அசையவில்லை. அத்தைக்காரி, அதாவது பிளம்பரின் அக்கா, அழுதே விட்டாள். "வாரா வாரம் சத்தத்தை ஒரு படி கூட்டிட்டே வாங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கூட்டிக்கொண்டே வந்தபோது ஒரு நாள் பிளம்பர் கதவுக்குப் பின்னால் நின்று கை தட்ட, டமாரம் வலது கண்ணைச் சிமிட்டினாள். மறுபடி தட்டினான். மறுபடி சிமிட்டினாள்.

அவ்வளவுதான். போன வாரம் முழுக்க அந்த வீட்டில் கைதட்டல் ஓயவே இல்லை.

இன்று ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள். மெஷினை அளந்து, பார்த்துப் பார்த்து ட்யூன் செய்கிற நாள். மேப்பிங் என்பார்கள்.

பிளம்பர் இருப்பதிலேயே நல்ல சட்டையை எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். அக்காக்காரி வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்றாள். பக்கத்துத் தெருவில் பியூட்டி பார்லர் வைத்திருப்பவள். ஊர்ச் செய்தி எல்லாம் அவள் கத்திரிக்கோலைத் தாண்டித்தான் போகும்.

"டேய், எல்லாரும் கேட்டுட்டே இருக்காங்க. நேத்து ஒருத்தி பாதி முடி வெட்டின தலையோட எழுந்து நின்னு கை தட்டினா. இன்னிக்கு நான் வீடியோ எடுக்கப்போறேன்."

"எடு, எடு. ஆஸ்பத்திரி மேடம் மூஞ்சியையும் சேர்த்து எடு. அன்னிக்கு அசையலைன்னு உதட்டைப் பிதுக்கினாங்கல்ல?"

"அவங்க உதட்டைப் பிதுக்கலை" என்றாள் டமாரத்தின் அம்மா, உள்ளே இருந்தே. "பொறுமையா இருங்கன்னாங்க."

"ரெண்டும் ஒண்ணுதான்."

அம்மாக்காரி டாக்ஸி கம்பெனியில் போன் எடுக்கிறவள். நாள் முழுக்க யார் யாரோ எரிந்து விழுவதைக் கேட்டுக் கேட்டு, குரலை உயர்த்தாமல் பேசப் பழகியவள். டமாரத்துக்குத் தலை சீவிக்கொண்டே சொன்னாள்.

"என்னங்க, நான் ஒண்ணு சொல்றேன், கோவப்படாதீங்க. மிக்ஸி போட்டா மெஷினைப் பிடுங்கி வீசுறா. நீங்க எல்லாரும் சேர்ந்து கை தட்டும்போது கன்னத்துல கை வெச்சுக்கறா. அதை மேடம்கிட்ட சொல்லணும்."

"அது வாலுத்தனம்."

"அவ வாலுத்தனம் எனக்குத் தெரியும். இது அது இல்லை."

பிளம்பர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "நாலு வருஷமா கூப்பிடுறேன். செவுத்துகிட்ட பேசுற மாதிரி. இப்பதான் என் பொண்ணு எனக்கு ஒரு பதில் சொல்றா. அதுலயும் நீ குத்தம் கண்டுபிடிக்கணுமா?"

அவள் டமாரத்தின் பின்னலை மட்டும் இன்னொரு முறை அவிழ்த்துப் பின்னினாள்.

மூன்று பேரும் குழந்தையோடு கிளம்பினார்கள். தெருவில் இறங்கியதும் அம்மாக்காரி வழக்கம்போலக் கணவனைச் சுற்றிக்கொண்டு அவன் வலப்பக்கத்துக்குப் போனாள். "மகாராணி வலப்பக்கம்தான் வருவாங்க" என்று அவனும் வழக்கம்போலச் சொன்னான். கல்யாணமான நாளிலிருந்து இருக்கும் கிண்டல். கோபத்திலும் அதை விட முடியவில்லை பாருங்கள்.

ஆஸ்பத்திரியின் கடைசி அறை அது. கதவு ஒரு சாண் கனம். மூடினால் வெளிச்சத்தம் அப்படியே அறுந்துவிடும். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், குழந்தை உட்காரக் குட்டி நாற்காலி, கலர் கலராக மரக்கட்டைகள், ஒரு வாளி.

காது கேட்பதை அளக்கிற ஆடியாலஜிஸ்ட் மேடம் சின்ன வயதுக்காரர்தான். எதற்கும் சட்டென்று சந்தோஷப்பட மாட்டார், சட்டென்று வருத்தமும் பட மாட்டார். பிளம்பருக்கு அவரிடம் பிடிக்காததே அதுதான்.

"மேடம், முதல்ல இதைப் பாருங்க. அக்கா, ரெடியா?"

அக்கா போனைத் தூக்கிப் பிடித்தாள். பிளம்பர் மகளின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று பட்டென்று கை தட்டினான். டமாரத்தின் வலது கண் மூடித் திறந்தது.

"எப்படி!" என்றான்.

மேடம் சிரிக்கவில்லை. குனிந்து குழந்தையின் கன்னத்தைப் பார்த்தார். "இன்னொரு தடவை தட்டுங்க" என்றார். தட்டினான். கண் மூடியது. வாயின் ஓரமும் லேசாக மேலே இழுத்தது. அதை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"சார், இங்க வாங்க. உங்க விரலை இவ கன்னத்துல வைங்க. மெதுவா."

மேடம் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார். அறையில் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் பிளம்பரின் விரலுக்கு அடியில், அந்தப் பிஞ்சுக் கன்னத்துக்குள், எதுவோ துடித்தது. குழாயில் காற்று அடைத்தால் உதறுமே, அந்த மாதிரி. டமாரம் தலையை வெட்டி இழுத்து, மெஷினைப் பிடுங்கித் தரையில் போட்டாள்.

"இது கண்ணடிக்கிறது இல்லை சார்" என்றார் மேடம். "முக நரம்பு. உள்ள வெச்சிருக்கற கம்பியில வரிசையா பன்னிரண்டு எலெக்ட்ரோடு இருக்கு. ஒவ்வொண்ணும் காது நரம்புக்கு மட்டும் கரண்ட் கொடுக்கணும். சுருள் சரியா இருந்தா கரண்ட் அதுக்குள்ளயே நிக்கும். இவளுக்குச் சுருள் இல்லை, அதனால சிலது பக்கத்துல போற முக நரம்பையும் சேர்த்து இழுக்குது. சத்தம் பெருசா வந்தா மூஞ்சி இழுக்குது. அவ்வளவுதான்."

பிளம்பர் நீட்டிய விரலை மடக்க மறந்து நின்றான்.

"அப்ப... அவளுக்குக் கேக்கலையா?"

"கேட்டிருக்கலாம். கேக்காமலும் இருந்திருக்கலாம். கண் சிமிட்டறதை வெச்சு எதுவும் சொல்ல முடியாது."

"வலிக்குமா மேடம்?" என்று கேட்டாள் அம்மா.

"சில பிள்ளைங்களுக்குச் சுருக்குனு இருக்கும். கழட்டிப் போடுவாங்க, கன்னத்தைப் பிடிச்சுப்பாங்க."

அக்காவின் போன் மெதுவாகக் கீழே இறங்கியது.

மேடம் மெஷினை மறுபடி மாட்டி, ஒவ்வொன்றாகச் சோதித்து முடித்தார். முகத்தை இழுப்பவை ஐந்து. அவற்றை மூடிவிட வேண்டும் என்றார்.

"மூடினா மிச்சம் இருக்கறது போதுமா?" என்றான் பிளம்பர்.

"இப்ப சொல்ல முடியாது. மூடிப் பாத்தாதான் தெரியும்."

"போதலைன்னா?"

"அப்ப வேற வழி யோசிப்போம். கை ஜாடை இருக்கு, உதடு பாக்கறது இருக்கு. எப்படியும் அது ரெண்டும் இவளுக்கு வேணும். இவ ஊமையா வளர மாட்டா, அது மட்டும் நிச்சயம்."

பிளம்பருக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "வேணாம். ஒண்ணையும் மூட வேணாம். பன்னிரண்டும் வேலை செய்யணும்னுதான ஆபரேஷன் பண்ணோம்? அவ என்னைப் பாத்துக் கண்ணடிக்கிறா. அது நரம்பாவே இருந்துட்டுப் போகட்டும். எனக்கு அது போதும்."

"உங்களுக்குப் போதும்" என்றாள் மனைவி. குரல் உயரவில்லை. "அவளுக்கு?"

"நீ சும்மா இரு."

"இவ்வளவு நாள் சும்மாதான் இருந்தேன். மேடம், மூடுங்க."

பிளம்பர் அந்தக் கனமான கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான். ஓங்கிச் சாத்தப் பார்த்தான். அந்தக் கதவை ஓங்கிச் சாத்த முடியாது. அது தன் இஷ்டத்துக்கு மெதுவாகத்தான் மூடும். பாவம், கோபத்தைக் காட்டக்கூட அவனுக்கு வசதி இல்லை.

அக்கா பின்னாலேயே போனாள். நடைபாதையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றவனிடம் போய்ச் சேர்ந்து நின்றாள்.

"கடையில உக்கார வெச்சு, பத்துப் பேர் சேர்ந்து தட்டினோம்டா" என்றாள். "அவளுக்கு மூஞ்சி இழுத்திருக்கு. நாங்க ஒன்ஸ் மோர் கேட்டோம்."

பிளம்பர் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தான்.

"உள்ள போ. நீ இல்லாம ஆரம்பிச்சா உன் பொண்டாட்டி ஜென்மத்துக்கும் சொல்லிக் காட்டுவா. அவ காட்டலைன்னா நான் காட்டுவேன்."

"அக்கா, எதுவுமே கேக்கலைன்னா?"

"கேக்கலைன்னா என்னடா? பொண்ணை ஆஸ்பத்திரியிலயே விட்டுட்டா வரப்போறோம்? அவ டமாரம்டா. நமக்குத்தான் காது கிழியும். நட."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான்.

ஐந்தும் மூடியாகிவிட்டது. டமாரம் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து மரக்கட்டைகளை வாளியின் விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தாள். மேடம் கண்ணைக் காட்டினார். பிளம்பர் பின்னால் போய், இந்த முறை கொஞ்சம் பயந்துகொண்டே கை தட்டினான்.

கண் சிமிட்டவில்லை.

இன்னொரு தடவை. முகம் அப்படியே இருந்தது. குழந்தை நிம்மதியாகக் கட்டையை உருட்டிக்கொண்டிருந்தாள். போன வாரம் முழுக்க அவன் சம்பாதித்து வைத்திருந்த பெருமை அத்தனையும் அந்த ஒரு நொடியில் கையை விட்டுப் போயிற்று.

"இப்ப கொஞ்சம் கொஞ்சமா ஏத்தறேன்" என்றார் மேடம். "அம்மா, நீங்க விளையாட்டை ஆரம்பிங்க."

இந்த விளையாட்டை அம்மாக்காரி வேலை முடிந்து வந்து தினமும் சொல்லிக்கொடுத்திருந்தாள். டமாரத்தின் ஒரு கையை டப்பாவின் மேல் வைத்து, டப்பாவைத் தட்டுவாள். அதிர்வு தெரிந்தால் இன்னொரு கையிலிருக்கும் கட்டையை வாளியில் போட வேண்டும். தெரியாவிட்டால் காத்திருக்க வேண்டும். போடுவது சுலபம், காத்திருப்பதுதான் கஷ்டம். டமாரத்தைக் காத்திருக்கப் பழக்கிய பொறுமைக்கு எந்த ஊரிலும் பரிசு கிடையாது.

இன்று டப்பா இல்லை. டமாரம் கட்டையைப் பிடித்துக் காத்திருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டாள். ஒரு புருவம் அசைந்தாலும் பிடித்துக்கொள்வாளே அந்தக் கள்ளி!

மேடம் ஒரு படி ஏற்றினார். ஒன்றுமில்லை.

இன்னொரு படி. ஒன்றுமில்லை. டமாரம் கொட்டாவி விட்டாள்.

இன்னொரு படி. பிளம்பர் சுவரில் சாய்ந்துகொண்டான். அக்கா போனை எங்கே பிடித்திருக்கிறோம் என்பதையே மறந்திருந்தாள்.

இன்னொரு படி.

டமாரத்தின் வாய், பாதிக் கொட்டாவியில் நின்றது.

அவள் கையைப் பார்த்தாள். கையில் எதுவும் அதிரவில்லை. மேஜையைத் தொட்டுப் பார்த்தாள். அங்கேயும் இல்லை. நெற்றியைச் சுருக்கினாள். பிறகு, சந்தேகத்தோடு, கட்டையை வாளிக்குள் போட்டாள்.

பிளம்பர் வாயைத் திறப்பதற்குள் மேடம் கையைக் காட்டி நிறுத்தினார். "ஒரு தடவை தற்செயலா இருக்கலாம்." கொஞ்ச நேரம் சத்தம் எதுவும் அனுப்பாமல் இருந்தார். டமாரம் காத்திருந்தாள். மேடம் அனுப்பினார். கட்டை விழுந்தது. காக்க வைத்தார். காத்திருந்தாள். அனுப்பினார். விழுந்தது. நாலாவது கட்டையை டமாரம் போடவில்லை, எறிந்தாள். அவளுக்கு ஆட்டம் பிடித்துவிட்டது.

அம்மா இன்னும் முகத்தைக் கல் மாதிரியே வைத்திருந்தாள். கண்ணீர் மட்டும் அவள் பேச்சைக் கேட்காமல் இறங்கிக்கொண்டிருந்தது.

"சார்" என்றார் மேடம், இப்போதுதான் முதன்முறையாகச் சிரித்துக்கொண்டு, "பின்னாடி நின்னு கூப்பிடுங்க. கை தட்ட வேணாம். உங்க குரல்ல."

நாலு மாடிக்கும் கேட்கிற மாதிரி ஆட்களை அதட்டி வேலை வாங்குகிறவன், மகளைக் கூப்பிடக் குரல் வராமல் நின்றான்.

"டமாரம்!"

அவள் நிமிர்ந்தாள். எதிரே பார்த்தாள். கதவைப் பார்த்தாள். வாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஒரு காதுதானே, எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு சட்டுனு பிடிபடாது" என்று மெல்லச் சொன்னாள் அம்மா. "முதல்ல எதிர்ல தேடுவா. அப்புறம்தான் பின்னால."

மேடம் அவளை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

"டமாரம்! அப்பா இங்க இருக்கேன்டா!"

டமாரம் சுற்றித் தேடி, கடைசியில் முழுசாகத் திரும்பினாள். அப்பாவைக் கண்டுபிடித்தாள். அவன் முகத்தையே உற்றுப் பார்த்தாள். அவளுக்கு ஏதோ ஞாபகம் வந்துவிட்டது. இந்த ஆளை எப்படிச் சிரிக்க வைப்பது என்று அவளுக்குத் தெரியுமே!

மூக்கைச் சுருக்கி, உதட்டைக் குவித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கண்ணையும் இறுக மூடித் திறந்தாள்.

பிளம்பர் திடுக்கிட்டு மேடத்தைப் பார்த்தான். "மறுபடியும் நரம்பா?"

"நரம்பு வலது பக்கத்தை மட்டும்தான் சார் இழுக்கும். ரெண்டு கண்ணையும் மூடறது..." மேடத்தின் குரலும் கொஞ்சம் தடுமாறியது. "அது அவளே பண்றது. ஒத்தைக் கண்ணை மூட இன்னும் வரலை, அவ்வளவுதான். உங்களுக்குத்தான் கண்ணடிக்கறா."

பிளம்பர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். நல்ல சட்டை, புதுத் தேய்ப்பு, எதையும் பார்க்கவில்லை. டமாரம் ஓடி வந்து அவன் மடியில் ஏறி, அவன் தலையில் இரண்டு கையாலும் தாளம் போட்டாள். "அடி, நல்லா அடி" என்றான். "என் சிங்கம்! ஏழே ஏழு எலெக்ட்ரோடை வெச்சுக்கிட்டு என்னைக் கண்டுபிடிச்சிட்டாளே! பாத்தியாக்கா? எடுத்தியா?"

அக்கா போனைப் பார்த்தாள். முழுக்கத் தரையும், தன் செருப்பும், ஒரு மரக்கட்டையும் பதிவாகியிருந்தன.

"போகட்டும் விடு" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கடையில வாயாலயே சொல்லிக்கறேன். எனக்கு என்ன வாய்க்கா பஞ்சம்?"

பிளம்பர் உட்கார்ந்த இடத்திலிருந்தே மனைவியை நிமிர்ந்து பார்த்தான். "நீ சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்."

"இப்ப கேட்டீங்கல்ல. போதும்" என்றாள் அவள். அந்த வீட்டில் நடந்த முதல் மன்னிப்பும் சமாதானமும் அதோடு முடிந்தது.

கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தவளிடம் மேடம் வந்தார்.

"அடுத்த தடவை வரும்போது நீங்களும் ஒரு பத்து நிமிஷம் இந்த நாற்காலியில உக்காருங்க."

"நானா? எதுக்கு மேடம்? நான் நாள் முழுக்கப் போன்ல பேசுறவ."

"எந்தக் காதுல?"

அவள் வாளியை எடுத்து அலமாரியில் வைத்தாள், மகளுக்குச் செருப்பு மாட்டினாள். பிளம்பர் இரண்டையும் கேட்டான், கேள்வியையும், வராத பதிலையும்.

வெளியே நடைபாதையில் நல்ல கூட்டம். டோக்கன் கூப்பிடுகிறார்கள், தள்ளுவண்டி உருள்கிறது, யாரோ யாரையோ தேடுகிறார்கள். டமாரம் அப்பாவின் இடுப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அகலமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். மனைவி வழக்கம்போல அவன் வலப்பக்கத்துக்குப் போனாள்.

மகாராணிக் கிண்டல் அவன் வாய் வரைக்கும் வந்தது. வந்து, அப்படியே நின்றது.

வீட்டில் போன் அடித்தால் எந்தக் கையால் எடுத்தாலும் இடது காதில்தான் வைப்பாள், வலது காதில் ஒரு நாளும் வைத்ததில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் வலது பக்கம் வருமாறு பார்த்து உட்காருவாள். டமாரம் எங்கே தேடுவாள் என்று மேடத்துக்கு முன்னாலேயே இவள் சொன்னாளே?

அவன் நடையைக் குறைத்தான். அவளுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அவளுடைய வலப்பக்கத்துக்கு வந்து சேர்ந்தான்.

"இங்க பாரேன்" என்றான்.

பதில் இல்லை. கூட்டத்தின் சத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, இன்னொரு முறை கூப்பிட்டான்.

இடுப்பில் இருந்த டமாரம் நிமிர்ந்தாள். எதிரே பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், கடைசியில் அப்பாவின் வாயைக் கண்டுபிடித்து, இரண்டு கண்ணையும் இறுக மூடித் திறந்தாள்.

கூப்பிடப்பட்டவள் திரும்பாமல் நடந்துகொண்டே இருந்தாள்.